ஆங்கிலத்தில் ‘டு ஸ்விம்’ எங்கே, ‘ஸ்விம்மிங்’ எங்கே?

ஒரு வினை பெயரைப் போல நிற்கும்போது ஆங்கிலம் இவ்விரு வடிவங்களைத் தருகிறது. தமிழில் ‘நீந்த’, ‘நீந்துவது’ என்பன இவற்றுக்கு நெருக்கமானவை. ‘டு’ முதலில் ‘நோக்கி’ என்று பொருள்பட்ட சொல்லாதலால், இனி நிகழவேண்டியதைச் சுட்டும் ‘வோண்ட்’, ‘ஹோப்’, ‘டிசைட்’ ஆகியன அதனை ஏற்க, செயலை நிகழ்ந்ததாகவோ நிகழ்வதாகவோ காணும் ‘என்ஜோய்’, ‘ஃபினிஷ்’ என்பன ‘இங்’ வடிவத்தை நாடுகின்றன. (இது பொதுப்போக்கே, விலக்குகள் உண்டு.) மூதூருக்குப் போகவெனத் திருகோணமலை இறங்குதுறையில் நிற்பது முன்னது, படகில் அமர்ந்து அலையை உணர்வது பின்னது. வேறுபாடு மிகத் தெளிவாவது ‘ஸ்டொப்’ என்பதில்தான்: நிலாவெளி வீதியில் மீன் வாங்குவதற்காக வண்டியை நிறுத்தியவர் ‘ஐ ஸ்டொப்ட் டு பை ஃபிஷ்’ என்பார், மீன் வாங்குவதையே கைவிட்டவர் ‘ஐ ஸ்டொப்ட் பையிங் ஃபிஷ்’ என்பார்.

‘டு’ வந்தால் வினையின் மூலவடிவமே தொடரும் எனப் பலர் கருதுவது தவறு: ‘லுக் ஃபோவர்ட் டு’ (ஆவலோடு எதிர்பார்த்தல்) என்பதில் ‘டு’ முன்னிடைச்சொல், அதாவது பெயருக்கு முன் நிற்கும் சொல் ஆதலால், அடுத்து ‘சீ’ அன்று, ‘சீயிங்’ என்றே வரும்.