போர்ட்நாய் திரும்பிய பிறகு

அன்புள்ள ஐயா,

அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான ட்ரீம் தியேட்டரின் 'பாராசோம்னியா' ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். பழைய ட்ரம்மர் மைக் போர்ட்நாய் குழுவுக்குத் திரும்பிவிட்டார் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு இந்தக் குழு அறிமுகமானதே இடையில் ட்ரம்ஸ் வாசித்த மைக் மான்ஜினி காலத்தில்தான். வேகத்திலும் துல்லியத்திலும் அவரே ஒரு படி மேல். அப்புறம் எதற்கு இந்த மாற்றம்? பழைய ரசிகர்களைத் திருப்திப்படுத்தவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மான்ஜினியின் திறமை பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். குழுவின் முதல் கிராமி விருது 2022-இல் அவர் இருந்தபோதுதான் வந்தது. ஆனால் தொடக்கம் அவருக்குச் சரியாக அமையவில்லை. 2011 ஆல்பத்தின் பாடல்கள் அவர் வருவதற்கு முன்பே உருவாகிவிட்டன. ட்ரம்ஸ் பகுதிகளைக் கிடாரிஸ்ட் ஜான் பெட்ரூச்சி முன்கூட்டியே புரோகிராம் செய்து வைத்திருந்தார். மான்ஜினி அவற்றின்மேல் தன் வாசிப்பைக் கட்டினார். பிற்பாடு பாடல் உருவாக்கத்தில் அவரும் சேர்ந்துகொண்டார். ஆனாலும் ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்குள் குடிவந்தவர் போலத்தான் அவர் வாசிப்பு எனக்குக் கேட்டது.

போர்ட்நாய் கதை வேறு. 1985-இல் அதே பெர்க்லீயில் பெட்ரூச்சி, பேஸ் கிடாரிஸ்ட் ஜான் மியூங்குடன் இந்தக் குழுவைத் தொடங்கியவர். பாடல் வரிகள், தயாரிப்பு, மேடையில் எந்த இரவு எந்தப் பாட்டு என்பதுவரை அவர் கை இருந்தது. 2010-இல் சிறிது காலம் ஓய்வு எடுக்கலாம் என்றார். மற்றவர்கள் சம்மதிக்கவில்லை, விலகினார். திரும்பியதும் திடீரென்று அல்ல. 2020-இல் பெட்ரூச்சியின் தனி ஆல்பத்தில் வாசித்தார். அடுத்த ஆண்டு இவ்விருவரும் ட்ரீம் தியேட்டரின் கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ரூடஸும் லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமெண்ட் என்ற இன்னொரு குழுவின் ஆல்பத்தில் சேர்ந்து வாசித்தார்கள். 2023 அக்டோபரில்தான் அறிவிப்பு வந்தது. ஆகவே இதை ரசிகர்களுக்கான சமாதானமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

2025 பிப்ரவரியில் வந்த 'பாராசோம்னியா' எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும். உறக்கக் கோளாறுகள்தான் மையக்கரு. 'எ புரோக்கன் மேன்' போரிலிருந்து திரும்பித் தூக்கம் தொலைத்தவர்களைப் பற்றியது. எனக்கு இந்த ஆல்பத்தில் மிக நெருக்கமான பாட்டு அதுதான். 'பெண்ட் த க்ளாக்' பாட்டின் முடிவில் பெட்ரூச்சியின் நீண்ட சோலோ வரும். அதன் கீழே போர்ட்நாய் ஒதுங்கி நின்று இடம் விடுகிறார், கிடார் உயரும்போது கூடவே உயர்கிறார். குறை இல்லாமல் இல்லை. சில ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்குகள், 2003 வாக்கில் அவர்களே வாசித்ததை அப்படியே ஞாபகப்படுத்துகின்றன. பழைய துணிச்சல் இன்னும் கொஞ்சம் வேண்டும்.

ஒன்று செய்து பாருங்கள். 2021 ஆல்பத்தின் கடைசிப் பாட்டையும் இதன் கடைசிப் பாட்டான 'த ஷேடோ மேன் இன்சிடென்ட்'டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டும் ஏறக்குறைய இருபது நிமிடம். நல்ல ஹெட்போனில் ட்ரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். அதற்குப் பிறகும் மான்ஜினிதான் என்றால், எந்த இடத்தில் என்று குறித்து எழுதுங்கள். நானும் அந்த இடத்தைத் திரும்பக் கேட்கிறேன்.