ஒரு கருவி மட்டும் மின்தடை காட்டினால்

ஒரே ஒரு கருவி மட்டும் கரண்ட் போனதாகக் காட்டினால், இப்போதைக்கு அதை மின்தடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கானா நாட்டின் அக்ராவில், கரண்ட் போவதைப் பதிவுசெய்ய வீடுகளின் பிளக்கில் நீங்கள் செருகி வைத்த கருவிகளில் ஒன்று மட்டும் தினமும் மாலையில் கரண்ட் இல்லை என்று காட்டுகிறது, பக்கத்து வீட்டுக் கருவி காட்டவில்லை என்றால், பெரும்பாலும் யாரோ பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். போன் சார்ஜ் போட இடம் வேண்டுமே, வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. பிரீபெய்டு மீட்டரில் காசு தீர்ந்தாலும் இதே பதிவுதான் வரும்.

ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள கருவிகளின் நேரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சில நொடிகளுக்குள் இரண்டு மூன்று சேர்ந்து அணைந்தால் அது நிஜத் தடை. இப்படிப்பட்ட கருவிகளால் மின்தடையை அளக்க 2018இல் அங்கே தொடங்கிய பவர்வாட்ச் ஆய்வும் இப்படித்தான் பிரித்தது.

ஆனால் ஒரு ஃபேஸ் மட்டும் போனால் அடுத்த வீட்டில் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். எந்த வீடு எந்த ஃபேஸ் என்று தெரியும்வரை அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள்.