கடலை மிட்டாய்க்குப் ‘புரோட்டீன் பார்’ வேடம் தேவையா?

கேள்வி: கோவில்பட்டியில் என் தாத்தா தொடங்கிய கடலை மிட்டாய்க் கடையை நடத்தி வருகிறேன். வெளியூர் செல்பவர்கள் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் கடையைத் தாண்டிப் போய் சாக்லேட் வாங்குகிறார்கள். ‘புரோட்டீன் பார், சர்க்கரை சேர்க்காதது’ என்று புதுப் பாக்கெட் அச்சிட்டு, இன்ஸ்டாகிராம் விளம்பரமும் செய்து தர ஓர் ஆலோசனை நிறுவனம் 3 லட்ச ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பிள்ளைகளுக்கு உங்கள் மிட்டாயின் சுவை பிடிக்காமல் போகவில்லை. கையில் இருக்கும் பத்து, இருபது ரூபாய்க்கு, பையில் போட்டுக்கொள்ளும் அளவில் உங்களிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். கால் கிலோ பாக்கெட்டை வாங்கி வகுப்பறைக்கு யாரும் கொண்டுபோக மாட்டார்கள். ஆகவே 25 அல்லது 30 கிராம் தனிப் பாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். கல்லாவில் க்யூ.ஆர். அட்டை இல்லையென்றால் இன்றே வையுங்கள். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சிறிய பாக்கெட்டில் ஒரு சிக்கல் உண்டு. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். கடலையின் எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். உங்கள் கடையில் சரக்கு வேகமாக நகர்வதால் இது தெரிந்திருக்காது. வெளிக் கடைகளில் வாரக்கணக்கில் தொங்கும் பாக்கெட்டுக்குச் சாதாரண பிளாஸ்டிக் உறை போதாது. உள்ளே வெள்ளிபோல் மின்னும் பூச்சுள்ள உறையைக் கேட்டு வாங்குங்கள். செலவழிப்பதானால் லோகோவை விட்டுவிட்டு இதற்குச் செலவழியுங்கள்.

இனி அந்த நிறுவனம் சொல்லும் வாசகங்களுக்கு வருகிறேன். வெல்லமும் சர்க்கரைதான். அதன் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ். வெல்லப் பாகில் செய்த பண்டத்தின்மீது ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அச்சிடுவது பொய்யான விவரம். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-இன்படி தவறான விவரத்துடன் உணவை விற்றால் 3 லட்ச ரூபாய் வரையும், மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். பாக்கெட்டில் இருப்பது உங்கள் பெயரும் முகவரியும். வாசகத்தை எழுதிக் கொடுத்தவரைத் தேடி அதிகாரி போக மாட்டார். ‘சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்’ என்ற யோசனையோடும் யாராவது வருவார்கள். அவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஆனால் புரதம் பற்றிய வாசகத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நிலக்கடலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். உங்கள் மிட்டாயில் நூற்றுக்கு அறுபது பங்கு கடலை என்று வைத்துக்கொண்டால், 100 கிராமில் 15 கிராம் புரதம் வரும். நடுத்தர எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 54 கிராம். 100 கிராம் பண்டத்தில் அந்தப் பரிந்துரையின் 20 சதவீதம் இருந்தாலே ‘புரதம் நிறைந்தது’ என்று எழுத விதி அனுமதிக்கிறது. ஆகவே நீங்கள் அதை நேர்மையாகவே எழுதலாம். ஆனால் இந்தக் கணக்கை நம்பி அல்ல, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உங்கள் சரக்கைக் கொடுத்து அறிக்கை வாங்கிய பிறகு. பாகையும் கடலையையும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விகிதத்தில் போடுகிறார்கள் என்பதால் பக்கத்துக் கடைக்காரரின் அறிக்கை உங்களுக்கு உதவாது. பாகைக் கூட்டிக் கடலையை அதிகம் குறைத்தால் அந்த வாசகம் பொய்யாகிவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெயரையும் மாற்றாதீர்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. பிறருக்குக் கிடைக்காத அந்தப் பெயரை உதறிவிட்டு, எங்கும் கிடைக்கும் ஓர் ஆங்கிலப் பெயருக்குப் பணம் கொடுப்பானேன்? அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனராக நீங்கள் தனியே பதிவு செய்ய வேண்டும். ‘கோவில்பட்டி கடலை மிட்டாய்’ என்பதையே உங்களுக்கு மட்டும் வணிகச் சின்னமாக வாங்கித் தருகிறோம் என்று எவரேனும் சொன்னால் அவர் ஏமாற்றுகிறார்; சட்டம் அதை அனுமதிப்பதில்லை. தாத்தா வைத்த கடைப் பெயரை வேண்டுமானால் வணிகச் சின்னமாகப் பதியலாம்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் கணக்கு, அதன் கடவுச்சொல் எல்லாவற்றையும் தங்கள் பெயரிலேயே உருவாக்கி வைத்துக்கொண்டு, ஓராண்டு கழித்துக் கடைக்காரரிடமே விலை பேசும் ‘ஆலோசகர்’களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கணக்கை உங்கள் கைபேசி எண்ணில், உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள். பாகு காய்ச்சுவதையும் தட்டில் ஊற்றித் துண்டு போடுவதையும் வீட்டுப் பிள்ளை ஒருவர் படம் பிடித்துப் போட்டால் போதும். இன்ஸ்டாகிராமில் காசு வாங்கிக்கொண்டு ஒரு பண்டத்தைப் புகழ்பவர் அது விளம்பரம் என்று சொல்லியாக வேண்டும் என்பது விதி. சொல்ல மறுப்பவரை அமர்த்தாதீர்கள். உணவு விற்க அரசிடம் பெற வேண்டிய உணவுப் பாதுகாப்புப் பதிவிலும் இதே கதைதான். சிறு வணிகருக்குச் சொற்பக் கட்டணத்தில் கிடைக்கும் பதிவுக்குத் தரகர்கள் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். கடலை மிட்டாய் செய்பவர் தமிழில் படித்துத் தாமே நிரப்பும்படி ஒரு விண்ணப்பத்தை அமைத்திருந்தால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இருந்திருக்காது.

முதல் மாதம் இருநூறு பாக்கெட் மட்டும் போட்டு, கல்லூரி வாசலில் உள்ள இரண்டு டீக்கடைகளில் வையுங்கள். விற்காமல் திரும்பும் பாக்கெட்டை உங்கள் கடையில் விற்றுத் தள்ளிவிடாமல் உடைத்துத் தின்று பாருங்கள்; மொறுமொறுப்பு எத்தனை நாள் நிற்கிறதோ, உறையில் எழுத வேண்டிய காலாவதி தேதியை அதற்குள் வையுங்கள்.