வாசகர் கேள்வி – பதில்: முட்டிக்குள் வைக்கும் ஸ்க்ரூ கரையுமா?

கே: கபடி ஆடும்போது என் மகனுக்கு (வயது 19) முட்டி ஜவ்வு அறுந்துவிட்டது. டைட்டானியம் ஸ்க்ரூவா, கரையும் ஸ்க்ரூவா என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். உடம்புக்குள் இரும்பு இருப்பதைவிடக் கரைந்துபோவது நல்லதுதானே?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

ப: நம் ஊரில் முட்டிக்குள் எது கிழிந்தாலும் ‘ஜவ்வு’தான். ஸ்க்ரூ பேச்சு வந்திருப்பதால் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் கட்டிவைக்கும், ஏ.சி.எல். எனப்படும் முன் சிலுவைத் தசைநார் என்று எடுத்துக்கொள்கிறோம். அறுந்ததைப் பெரும்பாலும் தைப்பதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்து இரண்டு தசைநாண்களை உருவி, மடித்து நாலு புரியாக்கி, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டுக் கோக்கிறார்கள். அந்தக் கயிறு 8 மி.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். மெலிந்தால் மறுபடி அறுவது அதிகம். ஸ்க்ரூ என்பது கயிற்றைத் துளைச்சுவரோடு நெருக்கிப் பிடிக்கும் ஆப்பு. நாண் எலும்போடு ஒட்டிப் பிடிக்க ஏறத்தாழ 3 மாதம். அதன்பிறகு ஆப்புக்கு வேலை இல்லை.

கரையும் ஸ்க்ரூ பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது. உப்பு மாதிரி சட்டென்று கரையாது. சில வகைகள் கரைய வருடக்கணக்காகும். கரையும்போது வெளிவரும் லாக்டிக் அமிலம் ஓரிடத்தில் தேங்கினால் நீர்க்கட்டி வரலாம், எலும்புத் துளை அகலமாகலாம். அமிலத்தை மட்டுப்படுத்தவும் எலும்பு வளரவும் கால்சியம் பாஸ்பேட் கலந்த ‘பயோகாம்போசிட்’ ஸ்க்ரூ வந்தது அதனால்தான். இன்னொரு தொல்லை: முறுக்கும்போதே உடைந்துவிடும். திருப்புளி ஸ்க்ரூவின் அடிவரை இறங்காமல் பாதியில் நின்றாலோ, இள வயதுக்காரரின் கெட்டி எலும்பில் முன்கூட்டி மரை வெட்டாமல் ஏற்றினாலோ இது நடக்கும்.

டைட்டானியம் உடையாது, உடம்பும் ஏற்றுக்கொள்ளும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஸ்க்ரூவைச் சுற்றிப் படம் மட்டும் கலங்கும். என்றாவது மறு ஆபரேஷன் வந்தால் அதைக் கழற்ற வேண்டிவரலாம். நடுவில் ‘பீக்’ என்றொரு பிளாஸ்டிக் வகையும் உண்டு: கரையாது, படத்தையும் கெடுக்காது.

எங்கள் கருத்து: ஸ்க்ரூவைவிடத் துளை எந்த இடத்தில் போடப்படுகிறது என்பதே பெரிது. தொடை எலும்புப் பக்கம் பலர் ஸ்க்ரூவுக்குப் பதில் சுமார் 12 மி.மீ. நீளமுள்ள உலோகப் பொத்தானைத்தான் போடுகிறார்கள். அது எலும்பின் மேல் படுக்காமல் சதை மேல் உட்கார்ந்துவிட்டால், நாளடைவில் சரிந்து கயிறு தளரும். ஆபரேஷனுக்குப் பிந்தைய எக்ஸ்ரேயில் பொத்தான் எலும்போடு ஒட்டி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மகனிடம் ஒன்று சொல்லிவையுங்கள். வைத்த நாண் முதலில் செத்து, பிறகு புது ரத்தக் குழாய் ஏறி, ஜவ்வாக மாறும். அது மிகவும் பலவீனமாக இருப்பது சுமார் 6 முதல் 12 வாரம் வரை. வலி விட்டு, வீக்கம் வற்றி, ‘சரியாயிடுச்சு’ என்று பைக்கை உதைக்கத் தோன்றுவதும் அதே வாரங்களில்தான். 9 மாதத்துக்கு முன் களத்தில் இறங்கக் கூடாது. அப்போதும் தொடைத் தசை வலு மற்றக் காலோடு ஒப்பிட்டு 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும்.

கே: எனக்கு 34 வயது. குருத்தெலும்பில் ‘பள்ளம்’ என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. செல் வளர்த்து வைக்கும் சிகிச்சை பலன் தருமா? அதில் பன்றிப் பொருள் சேர்கிறது என்கிறார்களே?
– ஒரு வாசகி, காயல்பட்டினம்

ப: குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் தானாக ஆறாது. பள்ளம் 2 சதுர செ.மீ.க்குள் இருந்தால், அடியிலுள்ள எலும்பில் 3–4 மி.மீ. இடைவெளியில் சிறு துளைகள் குத்தி ரத்தம் கசியவிடும் முறை உண்டு. அங்கே வளர்வது தழும்பு போன்ற முரட்டுக் குருத்தெலும்பு. சில வருடங்களில் தேயக்கூடும்.

பெரிய பள்ளத்துக்குச் செல் சிகிச்சை. 1994இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் 23 நோயாளிகளிடம் செய்து வெளியிட்ட முறை இது. எடை தாங்காத ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, ஆய்வகத்தில் சில வாரம் செல்லைப் பெருக்கி, இரண்டாவது ஆபரேஷனில் வைப்பார்கள். 2016 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த ‘மேசி’ முறையில் செல்களைத் தாங்கும் சவ்வு பன்றிக் கொலாஜன்தான் (கொலாஜன் என்பது தோல், எலும்பில் உள்ள நார்ப் புரதம்). பள்ளத்தின் அளவுக்கு வெட்டி, ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினால் ஆன பசையால் ஒட்டுவார்கள். எல்லாத் தயாரிப்பும் இப்படியல்ல: சிலவற்றில் மாட்டுக் கொலாஜன், சில செல்லே இல்லாமல் பவளக் கல்லால் ஆனவை. உங்களுக்கு வைப்பது எதிலிருந்து வந்தது என்று ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஓரத்தில். சவ்வு பள்ளத்தின் விளிம்புக்கு மேலே துருத்தினாலோ, சீக்கிரமே முழு எடை ஊன்றினாலோ உரிந்துவிடும். கால் வளைந்திருந்தால் அதை நேராக்காமல் ஒட்டுவது வீண். பாரம் முழுக்க அதே இடத்தில் விழும். மூட்டு முழுக்கத் தேய்ந்தவர்களுக்கு இது சிகிச்சையே அல்ல.

கே: செயற்கை ஜவ்வே வைத்தால் வேலை சுலபம் அல்லவா?
– ஒரு வாசகர், ஈரோடு

ப: 1980களில் கார்பன் நார், கோர்-டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் இழை எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். நார் உராய்ந்து உதிர்ந்த துகள் மூட்டுச் சவ்வைப் புண்ணாக்கி, முட்டியில் நீர் கோத்தது. பொருள் நஞ்சல்ல, தூள்தான் வினை.

கே: டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன காகிதம் வாங்க வேண்டும்?
– ஒரு வாசகி, தேனி

ப: இம்ப்ளான்ட் (உடம்புக்குள் வைக்கும் ஸ்க்ரூ, பொத்தான் போன்றவை) பெட்டியோடு வரும் ஸ்டிக்கர். அதில் பெயர், அளவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) இருக்கும். கேஸ் ஷீட்டில் ஒன்றை ஒட்டுவார்கள். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒன்று ஒட்டச் சொல்லுங்கள். பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.