மரபணு மாற்றிய கொசுக்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நோய் பரப்பும் பூச்சிகளின் மரபணுவை மாற்றும் ஆராய்ச்சி குறித்து இரு மாவட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, கல்லூரியில் விலங்கியல் கற்பித்த நம் உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

பாலக்கோடு, பள்ளி ஆசிரியை: ஐயா, கொசுவை ஒழிக்கக் கொசுவையே பறக்கவிடுகிறார்களே, அது எப்படி என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. ஆண் கொசு பூந்தேனையும் செடிச் சாற்றையும் உண்டு வாழ்வது. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஆக்ஸ்ஃபோர்டில் லூக் ஆல்ஃபி என்னும் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்குள் ஒரு மரபணுவைச் செலுத்தினார்கள். அந்த மரபணு உருவாக்கும் புரதம் அளவுக்கு மீறிப் பெருகி, உயிரணுக்களின் இயல்பான வேலையை முடக்கிவிடும். ஆய்வகத்தில் வளர்க்கும் நீரில் டெட்ராசைக்ளின் மருந்தைக் கலந்தால் புரதம் அடங்கியிருக்கும். வெளியே அந்த மருந்து கிடைக்காததால், விடப்பட்ட ஆண் கொசுவுக்குப் பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை கொசுப்புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ இருக்கும்போதே இறந்துவிடும். 2021இல் ஃபுளோரிடாவில் விடப்பட்ட அடுத்த வகையில் பெண் குஞ்சுகள் மட்டுமே சாகும்.

நம் பகுதிக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆயினும் குழாயில் நீர் வராத நாட்களுக்காக டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் பிடித்து வைப்பது இன்னும் பல வீடுகளின் வழக்கம். ஏடிஸ் முட்டையிட விரும்புவது அத்தகைய நீரில்தான். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். மருந்து ஊற்ற வருபவரின் கண்ணுக்குத் தப்பிய தொட்டியில் பிறந்த பெண் கொசுவையும் ஆண் கொசு தானே தேடிக் கண்டுபிடித்துவிடும் என்பதே இம்முறையின் தனிச்சிறப்பு.

தேன்கனிக்கோட்டை, பட்டுப்புழு வளர்ப்பவர்: இந்த மரபணு எங்கள் பட்டுப்புழுவுக்குத் தொற்றிவிடாதா?

தொற்றாது. ஏடிஸ் ஆண் தன் இனப் பெண்ணோடு மட்டுமே சேர்ந்து சந்ததி தரும். பட்டுப்பூச்சியோ வேறொரு வரிசையைச் சேர்ந்த அந்துப்பூச்சி. மரபணுவை முதல் வகைக் கொசுவுக்குள் ஏற்றிச்சென்ற 'பிக்கிபேக்' என்னும் இடம்பெயரும் மரபுத்துணுக்கும் ஓர் அந்துப்பூச்சியில் கண்டறியப்பட்டதே. இடம்பெயர உதவும் பகுதியை நீக்கிவிட்டே அதைப் பயன்படுத்துகிறார்கள். 2000இல் ஜப்பானில் பட்டுப்புழுவின் மரபணுவை மாற்றியதும் அதைக் கொண்டுதான். உங்கள் புழு வளர்ப்பு மனைக்கு உண்மையான ஆபத்து, மல்பெரி இலையில் படியும் கொசுப்புகை மருந்துதான். அதைக் குறைக்க உதவும் எந்த முறையையும் பட்டு விவசாயிகள் வரவேற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரூர், கல்லூரி மாணவி: 'ஜீன் டிரைவ்' என்பதும் இதுதானா, ஐயா?

இல்லை அம்மா, இரண்டையும் ஒன்றாகக் கருதவே கூடாது. மேலே சொன்ன கொல்லும் மரபணு சில தலைமுறைகளில் தானே அழிந்துபோகும். ஜீன் டிரைவோ தானே பரவும். இயல்பாக ஒரு மரபணு பாதிக் குஞ்சுகளுக்கே போய்ச் சேரும். ஜீன் டிரைவில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். 2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆண்ட்ரியா கிறிசாந்தியின் குழு, ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவில் பெண் கொசுவின் வளர்ச்சிக்குத் தேவையான 'டபுள்செக்ஸ்' என்னும் மரபணுவை இவ்வாறு குலைத்தபோது, கூண்டுகளில் இருந்த கூட்டங்கள் 7 முதல் 11 தலைமுறைகளுக்குள் அழிந்தன. நம் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சியில், 2015இல் கலிஃபோர்னியாவில் ஆந்தனி ஜேம்ஸ் முதலானோர் கொசுவை அழிக்காமல், மலேரியாக் கிருமியை எதிர்க்கும் மரபணுக்களை இதே வழியில் பரப்பிக் காட்டினர். விட்ட பின் திரும்பப் பெற முடியாத இந்த முறையில், எந்த அவசரமும் தவறு என்றே நினைக்கிறேன்.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: பிரேசிலில் இந்தக் கொல்லும் மரபணு முறை தோற்றதாகப் படித்தேனே?

ஜாகோபினா நகரில் விடப்பட்ட கொசுக்களின் மரபுக்கூறுகள் உள்ளூர்க் கொசுக்களில் கலந்திருப்பதாக 2019இல் ஓர் ஆய்வுக் கட்டுரை கூறியது. சாகாமல் தப்பும் சில குஞ்சுகளால் அப்படி நேரும். கொல்லும் மரபணு அங்கே நிலைத்துவிட்டது என்று அக்கட்டுரை கூறவில்லை. அதன் சில முடிவுகளைக் குறித்துப் பின்னர் அதை வெளியிட்ட இதழே கவலைக் குறிப்பு வெளியிட்டது. இருப்பினும், விட்ட பிறகும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற பாடம் சரியானதே.

பென்னாகரம், ஊராட்சி உறுப்பினர்: நம் நாட்டில் இவற்றை விட்டிருக்கிறார்களா?

இல்லை. மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் கூண்டுச் சோதனை மட்டும் நடந்தது. 2022இல் புதுச்சேரி ஆய்வு மையம் அறிவித்தது டெங்குக் கிருமி கொசுவுக்குள் பெருகாமல் தடுக்கும் 'வோல்பாக்கியா' பாக்டீரியா ஏற்றிய கொசு. அதில் மரபணு மாற்றம் கிடையாது.

கிருஷ்ணகிரி, கோழிப்பண்ணை வைத்திருப்பவர்: கோழிகளுக்கு நாங்களும் டெட்ராசைக்ளின் கொடுக்கிறோம். கொசுப்புழு அதைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளாதா?

மிகச் சரியான ஐயம். கழிவுநீரில் போதிய அளவு மருந்து இருந்தால் சில புழுக்கள் பிழைக்கக்கூடும். அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கால்நடை, கோழிப் பண்ணைகளிலிருந்தும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்தும் 500 மீட்டருக்குள் இக்கொசுக்களை விடக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. இங்கே என்றேனும் சோதனை நடந்தால், உங்கள் பண்ணை எங்கே இருக்கிறது என்பதை முதலிலேயே ஆய்வாளர்களிடம் தெரிவியுங்கள்.