சென்னையில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறோம். டெங்கு வராமல் பார்த்துக்கொள்ள என்ன செய்வது? ராத்திரி கொசுவலையும் லிக்விடும் போதாதா?

டெங்குவுக்கு அது போதாது. அந்தக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்பும்தான் அதிகமாகக் கடிக்கும். பிள்ளைகள் ஸ்கூலுக்குக் கிளம்புவதும், சாயங்காலம் கீழே விளையாடுவதும் சரியாக அந்த நேரங்களில்தான். அதனால் முழுக்கால் சட்டை, கைகால்களில் கொசு விரட்டி கிரீம் எல்லாம் பகலுக்குத்தான் முதலில் தேவை. பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும் வலை போடுங்கள்.

நம் ஊரில் கொசு என்றாலே கூவத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் திட்டுவோம். சாக்கடையில் பெருகி ராத்திரி காதருகே ரீங்காரம் போடுவது க்யூலெக்ஸ் கொசு. அது டெங்குவைப் பரப்பாது. ஏடிஸ் முட்டையிடுவது பெரும்பாலும் நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் அது போவதும் அபூர்வம். அப்படியென்றால் உங்கள் பிள்ளையைக் கடிக்கும் கொசு உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, எதிரே கட்டுமான வேலை நடக்கும் இடத்திலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

தண்ணீர் பிடித்து வைக்காதே என்று சென்னையில் யாரிடமும் சொல்ல முடியாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற ஊர் இது. எங்கள் பெரம்பூர்ப் பக்கம் இன்றைக்கும் வாசலில் நீல டிரம் இல்லாத வீடு குறைவு. டிரம் இருக்கட்டும். ஆனால் இறுக்கமான மூடி வேண்டும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே கவிழ்த்துவிட்டுத் திரும்பப் பிடித்தால் பயனில்லை. முட்டைகள் தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரியும். பிரஷ்ஷோ தேங்காய் நாரோ வைத்து உள்சுவரை நன்றாகத் தேய்த்தால்தான் போகும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரக் கணக்கு அதனால்தான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே டிரம்மையும் குடங்களையும் சேர்த்துத் தேய்த்துவிடுவோம். தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை.

டிரம் கண்ணில் படும், மற்றவை படாது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் பக்கெட், பயன்படுத்தாத கழிப்பறை. மொட்டைமாடியில் பழைய ஆட்டுக்கல், பெயின்ட் டப்பா, டயர், கொட்டாங்குச்சி. ஏறிப் பார்க்க முடியாத சன்ஷேடு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை விட்ட மறுநாள் ஒருவர் மாடியைச் சுற்றி வந்தாலே பாதி வேலை முடியும். சின்டெக்ஸ் மூடி உடைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். தண்ணீர் வழியும் குழாயின் வாயில் வலைத்துணி கட்டிவிடுங்கள்.

மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் தயவுசெய்து உள்ளே விடுங்கள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள், பல பேர் கதவையே திறப்பதில்லை. அவர்கள் தொட்டியில் விடும் அபேட் என்ற கொசுப்புழு கொல்லும் மருந்து, உரிய அளவில் குடிநீரில் விடவே உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பக்கத்து காலி மனையில் தண்ணீர் தேங்கினால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். புகை அடித்தால் போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பறக்கும் கொசு சாகும், டிரம்மில் நெளியும் கொசுப்புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

இவ்வளவும் செய்தும் காய்ச்சல் வரலாம். அப்போது தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். என் தங்கை மகனுக்கு அப்படித்தான் ஆனது. உடம்பு சில்லென்று ஆனதும் எல்லோரும் நிம்மதியானோம். எங்கள் அம்மாதான், "காய்ச்சல் விட்ட பிள்ளை சோறு கேக்கணும், இவன் கண்ணையே திறக்க மாட்டேங்கிறானே" என்று பிடிவாதமாக மருத்துவமனைக்குக் கிளப்பினார். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்பட ஆரம்பித்திருந்தது. உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டான். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கைகால் சில்லிடுவது, நாலைந்து மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழ முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் உடம்புவலி மாத்திரையில் இவைதான் பல நேரம் இருக்கும். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச் சாறு கொடுப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் அதை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்கவே முடியாது. பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் சரியில்லை. ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டும் பி.சி.வி. அளவையும் டாக்டர் சேர்த்துப் பார்ப்பார்.

காய்ச்சல்காரரையும் பகலில் வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசு சில நாள் கழித்து வீட்டில் மற்றவர்களுக்கும் பரப்பும். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. முன்பு ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை தொற்றினால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம், அவர்களை முதல் நாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், காய்ச்சல் ஆரம்பித்த தேதியையும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வையுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, அதற்குப் பிறகு என்றால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். என்று ரத்த டெஸ்ட் மாறும். டாக்டர் முதலில் கேட்பதும் அந்தத் தேதியைத்தான்.