மகனின் கோபத்துக்கு ஹார்மோன்தான் காரணமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. சில மாதங்களாக எதற்கெடுத்தாலும் கத்துகிறான், பொருட்களை உடைக்கிறான். போன வாரம் தங்கையைத் தள்ளிவிட்டதில் அவளுக்கு நெற்றியில் அடி. "தாத்தாவின் ரத்தம்" என்கிறார் மாமியார். ஹார்மோன் பரிசோதனை செய்யலாமா? தை மாதத்திலிருந்து வலிப்புக்கு லெவெடிராசிட்டம் சாப்பிடுகிறான். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறான்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசியில் போகிறபோக்கில் ஒரு மாத்திரையைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். லெவெடிராசிட்டம் வலிப்பை நன்றாகக் கட்டுப்படுத்தும். ஆனால் சிலருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, எரிச்சலையும் மூர்க்கத்தையும் உண்டாக்கும். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். மாத்திரையைத் தொடங்கிய பிறகோ, அளவைக் கூட்டிய பிறகோ கோபம் ஆரம்பித்ததா? சீட்டுகளோடு இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரக்கூடும். வலிப்பு நோயே சில பிள்ளைகளின் மனநிலையைப் பாதிப்பதுண்டு. அதையும் அவரே பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஹார்மோன் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இந்த வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எல்லாப் பையன்களுக்கும் ஏறத்தான் செய்யும். அந்த எண்ணை வைத்து யார் கை ஓங்குவான் என்று சொல்ல முடியாது. உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி இப்போது வேகமாக வேலை செய்யும். அதை அடக்கும் முன்மூளைப் பகுதி முழுமையாக முதிர 25 வயதுகூட ஆகலாம். அதனால் பதின்வயதில் கோபம் சட்டென்று வருவது இயல்பு. தங்கைக்கு அடிபடும் அளவுக்குப் போவதை அப்படி விட்டுவிட முடியாது.

தாத்தாவை விட்டுவிடுங்கள், பாவம். மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியான ஆய்வில், எம்ஏஓஏ என்ற மரபணுவின் ஒரு வகை, சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம்தான் முரட்டுத்தனத்தோடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தது.

அவன் எப்போது தூங்குகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் கோபமும் கூடும், வலிப்பும் வரக்கூடும். இரவில் போன் உங்கள் அறையில் இருக்கட்டும்.

செத்துப்போகிறேன் என்று பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.